குறி வைத்தது யார்?

ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி வந்தால் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் பெரிய ஊர் கம்போங் ராஜா. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், அவற்றைத் தாண்டினால் புளூ வேலியின் தேயிலை. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லாரிகள் இங்கிருந்துதான் கீழே நகரங்களுக்கு இறங்குகின்றன. ஒரு காலத்தில் இந்த மலையில் காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. இன்று வேலைக்கு நிற்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் என்று பல திக்கிலிருந்தும் வந்தவர்கள். 2024 ஜனவரி 26 அன்று, விடிவதற்கு முன்பே, புளூ வேலிப் பக்கம் மண் சரிந்து ஐந்து பேர் உயிரோடு புதைந்தார்கள். ஐவரும் மியன்மார் தொழிலாளர்கள்.

அவர்கள் விட்டு வந்த நாட்டில் வானத்தைப் பார்த்து நடக்க வேண்டிய நிலை. 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர். அந்தப் போரில் இரு தரப்பும் பயன்படுத்தும் ஆயுதங்களில் ஒன்று, மருந்து தெளிக்கும் ட்ரோன். மலேசியாவின் நெல் வயல்களில் பறக்கும் அதே ரகம்தான். பத்து, இருபது லிட்டர் மருந்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும். வயலின் எல்லையை ஒருமுறை காட்டிவிட்டால் வரப்பு தாண்டாமல் தானே கோடு போட்டுப் போய்வரும். மரம் குறுக்கிட்டால் நின்று விலகும், நிலம் ஏறினால் தானும் ஏறும். மருந்துத் தொட்டியைக் கழற்றிவிட்டுக் குண்டைத் தொங்கவிட ஒரு கொக்கி போதும்.

2023 அக்டோபர் 27-இல் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்து ஷான் மாநிலத்தில் தொடங்கிய தாக்குதலில் இப்படிப்பட்ட ட்ரோன்கள் ராணுவ முகாம்கள் மீது குண்டுகளை மழையாகக் கொட்டின. பிறகு ராணுவமும் அதே வித்தையைக் கற்றுக்கொண்டது. 2024 ஆகஸ்ட் 5 அன்று நாஃப் ஆற்றங்கரையில், வங்காளதேசத்துக்குப் படகேறக் காத்திருந்த ரோஹிங்கியா குடும்பங்கள் மீது ட்ரோன்கள் குண்டு போட்டன. குழந்தைகளும் பெண்களுமாகப் பலர் அங்கேயே செத்தார்கள். உயிர் தப்பியவர்கள், முன்சொன்ன மூன்று குழுக்களில் ஒன்றான அரக்கான் ஆர்மியைக் கைகாட்டினார்கள். அரக்கான் ஆர்மி மறுத்தது.

இத்தனைக்கும் அந்த ட்ரோன்களை எங்கோ ஒரு மறைவிலிருந்து ஓர் ஆள் ஓட்டினான். திரையைப் பார்த்து, விசையை அழுத்தினான். உலகத்தின் ஆயுதச் சாலைகளில் இப்போது நடக்கும் வேலை அந்த ஆளையும் எடுத்துவிடுவதுதான்.

ஏன் எடுக்க வேண்டும்? படத்தில் வருவதுபோல யாரோ ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியின் ஆசையால் இது நடக்கவில்லை. காரணம் படு சாதாரணமானது: சிக்னல். ட்ரோனுக்கும் ஓட்டுபவனுக்கும் நடுவில் இருப்பது வானொலி அலை. எதிரி அந்த அலையைக் குழப்பிவிட்டால் ட்ரோன் குருடாகி விழும். உக்ரைன் போரில் இரு தரப்பும் இதைத்தான் இரவு பகலாகச் செய்கின்றன. அதற்கு மாற்று இரண்டு. ஒன்று, ட்ரோனின் வாலில் கிலோமீட்டர் கணக்கில் கண்ணாடி இழை நூலைக் கட்டிவிடுவது. இன்னொன்று, ட்ரோனுக்குள்ளேயே ஒரு சில்லை வைத்து, கடைசிச் சில நூறு மீட்டரில் சிக்னல் அறுந்தாலும் திரையில் குறித்துவிட்ட டாங்கியையோ லாரியையோ அதுவாகவே துரத்திப் பிடிக்க வைப்பது. கடைசி நூறு மீட்டரில் தொடங்கியது நாளை கடைசிப் பத்து கிலோமீட்டர் ஆவதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மென்பொருளைப் புதுப்பித்தால் போதும்.

ஆகவே ‘தன்னியக்க ஆயுதம்’ என்ற ஒரு பொருள் ஒருநாள் காலையில் சந்தைக்கு வந்து இறங்கப்போவதில்லை. அது படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. சொல்லப்போனால் கொஞ்சம் வந்தும்விட்டது. இஸ்ரேலின் ஹார்ப்பி 1990-களிலேயே வானத்தில் வட்டமடித்து, ரேடார் அலை வரும் இடத்தைத் தானே தேடி மோதும்படி செய்யப்பட்டது. அதன் தம்பி ஹாரோப்பை 2025 மே மாதம் பாகிஸ்தானுடனான மோதலில் இந்தியா பயன்படுத்தியது. லிபியாவில் 2020-இல் பின்வாங்கிய படையினரைத் துருக்கியின் கார்கு-2 ட்ரோன்கள் துரத்தியதாகவும், ஓட்டுபவரோடு தொடர்பே இல்லாமல் தாக்கும்படி அவை நிரல் செய்யப்பட்டிருந்ததாகவும் ஐ.நா. நிபுணர் குழு 2021 மார்ச்சில் எழுதியது. அன்று மனிதர் யாராவது அப்படிக் கொல்லப்பட்டார்களா என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் உலகப் பத்திரிகைகளில் ‘கொலைகார ரோபோ’ முதல் பக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

தமிழருக்கு இது புதிதல்ல

மனிதன் பக்கத்தில் இல்லாமல், யார் வருகிறார்கள் என்று பார்க்காமல், தானாகவே கொல்லும் கருவியைத் தமிழர்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாக அறிவார்கள். அது மிதிவெடி. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. அதற்குத் தெரிந்த ஒரே விஷயம் பாரம். மேலே விழும் கால் சிப்பாயுடையதா, விறகு பொறுக்க வந்த சிறுமியுடையதா, மாட்டுடையதா என்பது அதற்கு ஒன்றுதான். இலங்கை ராணுவம் புதைத்தது, புலிகள் தாங்களே ‘ஜொனி’ என்று பெயர் வைத்துச் செய்து புதைத்தார்கள். போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் முகமாலையில் பெண்கள் முழங்காலிட்டு, முகக் கண்ணாடி மாட்டி, சின்ன வாரியால் மண்ணைப் பிடி பிடியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் போரில் கணவனை இழந்தவர்கள் பலர். வாரியின் பல்லில் ஏதாவது தட்டுப்பட்டால் கை அப்படியே நிற்க வேண்டும். அந்த வெடியைப் புதைத்தவன் செத்திருப்பான், அல்லது எங்கோ வெளிநாட்டில் பேரன் பேத்தி எடுத்திருப்பான். வெடி மட்டும் தன் வேலையை மறக்காமல் காத்திருக்கும்.

உலகின் பெரும்பாலான நாடுகள் அந்தக் கருவியைத் தடை செய்தன. 1997-இல் ஒட்டாவாவில் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முந்தைய பேச்சுவார்த்தையில், குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானே செயலிழக்கும் ‘அறிவுள்ள’ கண்ணிவெடிகளுக்கு விலக்கு வேண்டும் என்று அமெரிக்கா வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. மலேசியா 1999-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்து, தன் கையிருப்பை 2001 ஜனவரியில் முற்றாக அழித்தது. இலங்கை சேர்வதற்கு 2017 டிசம்பர் ஆனது. கண்ணிவெடித் தடைக்காகப் போராடி 1997-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜோடி வில்லியம்ஸ்தான் 2013-இல் லண்டனில் தொடங்கிய கொலைகார ரோபோ எதிர்ப்பு இயக்கத்திலும் முன்னால் நின்றார். இரண்டும் ஒரே சண்டை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டாக வேண்டும், அது லேசானதல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரானல்ட் ஆர்கின் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: ரோபோவுக்குப் பயம் இல்லை, பழிவாங்கும் வெறி இல்லை, தூக்கம் கெட்ட எரிச்சல் இல்லை. நண்பன் செத்த ஆத்திரத்தில் அது கிராமத்தைக் கொளுத்தாது. சட்டத்தை அதற்குள் எழுதிவைத்தால் மனிதச் சிப்பாயைவிட ஒழுங்காக நடக்கும்.

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூரின் பத்தாங் காலியில், ரப்பர் தோட்டம் ஒன்றில், பிரிட்டிஷ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடப் பார்த்ததால் சுட்டோம் என்று அரசு சொன்னது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. களைத்துப் பயந்துபோன இளம் சிப்பாய்கள். ஆர்கினின் ரோபோ அங்கே நின்றிருந்தால் ஒருவேளை சுட்டிருக்காது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 21 ஆண்டுகள் கழித்து, 1969-இன் கடைசியில், அந்தப் படையில் இருந்த சிலர் ‘தி பீப்பிள்’ என்ற லண்டன் பத்திரிகையிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். யாரும் ஓடவில்லை, நிற்கவைத்துத்தான் சுட்டோம் என்றார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மனசு உறுத்தியது, பேசினார்கள். அந்த வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறந்தவர்களின் குடும்பங்கள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2015 நவம்பரில் அவர்களின் மனு தள்ளுபடியானது, காலம் கடந்துவிட்டது என்பதற்காக. வழக்கில் தோற்றாலும், அரசு சொன்ன கதை பொய் என்பது இன்று ஊரறிந்த விஷயம்.

மனசு உறுத்தி, இருபது ஆண்டு கழித்துப் பத்திரிகை ஆபீஸ் தேடிப் போகும் ட்ரோன் எதையும் யாரும் வடிவமைக்கவில்லை. இயந்திரம் குறைவாகத் தவறு செய்யுமா, கூடுதலாகச் செய்யுமா என்று புள்ளிவிவரம் பேசிக்கொண்டே போகலாம். அதைவிட முக்கியமான கேள்வி, தவறு நடந்த பிறகு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது என்பது.

சாம்பசிவம் பிழைத்த கதை

அதே அவசரகாலத்தில் நடந்த இன்னொரு சம்பவம், மலேசியாவில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வது. 1948 செப்டம்பரில் ஜொகூரில் சாம்பசிவம் என்ற தமிழருக்கும் மலாய்க்காரர் சிலருக்கும் கைகலப்பு நடந்தது. படுகாயத்தோடு பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்று ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்தார் என்று ஒன்று. அவசரகாலச் சட்டத்தில் துப்பாக்கிக்குத் தண்டனை தூக்கு. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை, துப்பாக்கிக்கு மட்டும் மறு விசாரணை. மறு விசாரணையில், இரண்டையும் வைத்திருந்ததாக அவர் சொன்னதாகக் கூறப்பட்ட வாக்குமூலத்தை நம்பித் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடும் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலையான மனிதனை அதே விஷயத்தில் மீண்டும் குற்றவாளியாகப் பார்க்க முடியாது என்று 1950-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பை ரத்து செய்தது. சாம்பசிவம் தூக்கு மேடைக்குப் போகவில்லை.

அன்றைய காலனி அரசு நல்ல அரசு என்று காட்டுவதற்காக இது சொல்லப்படவில்லை. அதே அரசுதான் தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டது. ஆனால் மோசமான அந்த அரசிடம்கூட ஒரு காகிதம் இருந்தது, ஒரு நீதிபதியின் பெயர் இருந்தது, முடிவுக்கும் சாவுக்கும் நடுவில் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. ‘இவன் எதிரி’ என்று முடிவு செய்வதும் கொல்வதும் ஒரே வினாடியில் முடிந்துவிட்டால், மேல்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

போர்க்களத்தில் எப்போது மேல்முறையீடு இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு எம்.எச்.17 பதில் சொல்லும்.

2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசிய ஏர்லைன்ஸ் விமானம் கிழக்கு உக்ரைன் வானத்தில் புக் ஏவுகணை தாக்கி நொறுங்கியது. 298 பேர் இறந்தார்கள். மலேசியர்கள் 43 பேர், அவர்களில் 15 பேர் விமானப் பணியாளர்கள். ரஷ்யா மறுத்தது, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சர்வதேசத் தீர்ப்பாயம் அமைக்க மலேசியா கொண்டுவந்த தீர்மானத்தை 2015 ஜூலையில் தடுத்தது. ஆனாலும் நெதர்லாந்து, மலேசியா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், உக்ரைன் ஆகிய ஐந்து நாட்டுப் புலனாய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நூல் பிடித்துப் போனார்கள். 2022 நவம்பர் 17 அன்று டச்சு நீதிமன்றம் மூன்று பேருக்கு, அவர்கள் நேரில் வராத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. ஒருவர் விடுதலையானார்.

அவர்களை மாட்டிவைத்தது எது? ஏவுகணை வண்டி சாலையில் போன படங்கள், காணொளிகள். அவற்றோடு, ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசிப் பேச்சுகள். ஏவுகணை வேண்டும் என்று கேட்ட பேச்சு, வண்டி வந்துவிட்டதா என்று விசாரித்த பேச்சு, சுட்ட பிறகு அதை எல்லை தாண்டி அனுப்பச் சொன்ன பேச்சு. ராணுவ விமானம் என்று நினைத்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கொலை கொலைதான் என்றது. மனிதர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் பேசுவார்கள், பேசினால் தடயம் விழும். ரேடாரில் ஒரு புள்ளியைப் பார்த்து, ராணுவ விமானம் என்று ஓர் இயந்திரம் தானே முடிவெடுத்து, தானே ஏவியிருந்தால் அந்தத் தொலைபேசி அழைப்புகளில் பாதி நடந்தே இருக்காது. மனிதர் யாருடைய பெயரும் இல்லாமல் ஒரு மென்பொருளின் மீது குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டியிருக்கும்.

இயந்திரம் அப்படித் தவறாக எண்ணுமா? எண்ணியிருக்கிறது. 2003-இல் ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியாட் தற்காப்பு ஏவுகணை, தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டோர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று கணித்தது. இருவர் இறந்தார்கள். சில நாள் கழித்து அமெரிக்காவின் சொந்த விமானம் ஒன்றையே பேட்ரியாட் சுட்டது. இரண்டு முறையும் பக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள். மறுக்க அவர்களுக்கு அதிகாரமும் இருந்தது. திரை சொல்வதை நம்பாமல் இருக்கப் போதிய நேரம்தான் இல்லை.

இருபது வினாடி மனிதன்

எல்லா அரசுகளும் இன்று ஒரே பாட்டைப் பாடுகின்றன: இயந்திரம் யோசனை மட்டும்தான் சொல்லும், கடைசி முடிவு மனிதன் கையில். கேட்க நன்றாக இருக்கிறது. காஸாவில் அது எப்படி நடந்தது என்பதை 2024 ஏப்ரலில் இஸ்ரேலியப் பத்திரிகையான +972 எழுதியது. ‘லாவெண்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பு ஒரு கட்டத்தில் 37,000 பேர் வரை தாக்கத் தக்கவர்களாகக் குறித்தது. பத்தில் ஒன்று தவறாக இருக்கும் என்பது தெரிந்தே இருந்தது. குறிக்கப்பட்டவர் ஆணா என்று பார்க்க ஓர் அதிகாரி சுமார் இருபது வினாடி செலவழித்தார், அவ்வளவுதான் என்று உளவுத்துறையில் இருந்தவர்களே அந்தப் பத்திரிகையிடம் சொன்னார்கள். அது வெறும் தகவல் தளம்தான், ஒவ்வொரு இலக்கையும் ஆய்வாளர்கள் தனியாகச் சரிபார்க்கிறார்கள் என்று இஸ்ரேல் ராணுவம் மறுத்தது.

இந்த இருபது வினாடி மனிதனைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து நிறுவையைப் பார்த்தால் போதும். தொங்கு தராசு இருந்த காலத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தினமும் சண்டை. கிராணி ஈரத்துக்கு, கூடைக்கு என்று கழித்தால், பறித்தவள் முள்ளைக் காட்டிக் கேட்பாள், பக்கத்தில் நிற்பவள் சாட்சி சொல்வாள். எண் மின்னும் தராசு வந்த பிறகு கிராணியும் அந்த எண்ணைத்தான் எழுதுகிறார், பறித்தவளும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறாள். தராசு பிசகியிருந்தாலும் எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் எழுவதில்லை. கடைசி முடிவு கிராணியுடையது என்று ஏட்டில் இருக்கும்.

மேலிருந்து தெளிவாகப் பார்த்தால் அப்பாவிகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கைக்கும் இலங்கையின் வன்னியில் பதில் இருக்கிறது. அங்கே மக்கள் ‘வண்டு’ என்று சொன்ன ஆளில்லா வேவு விமானம் போரின் கடைசி மாதங்களில் தலைக்குமேல் இரைந்துகொண்டே இருந்தது. 2009 ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளனிலிருந்து மக்கள் கடலேரியைக் கடந்து ஓடிவந்த காட்சியை வானிலிருந்து எடுத்த படமாக அரசே உலகத்துக்குக் காட்டியது. ஆட்களை எண்ணிவிடும் அளவுக்குப் பார்க்க முடிந்திருக்கிறது. அப்படியிருந்தும் வன்னியின் எல்லா மருத்துவமனைகள் மீதும் ஷெல் விழுந்தது, சிலவற்றின் மீது திரும்பத் திரும்ப விழுந்தது, அவை எங்கே இருந்தன என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும் என்று மார்ஸுகி தாருஸ்மான் தலைமையிலான ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. புலிகள் மக்களைப் போக விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை எழுதியது. நல்ல கேமரா வன்னியில் யாரையும் நல்லவனாக்கவில்லை. பார்த்தவர் யார், பார்த்த பிறகு உத்தரவு கொடுத்தவர் யார் என்ற கேள்வி இன்று வரை ஜெனீவாவில் ஆண்டுதோறும் எழுகிறது. எழுப்புவதற்குக் குறைந்தபட்சம் ‘யார்’ என்று ஒருவர் இருக்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து மூன்று வழி

இந்தக் கதையில் தமிழர் பாதிக்கப்பட்டவர் மட்டுமில்லை. 2018 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவத்தின் ‘மேவன்’ திட்டத்துக்காக, ட்ரோன் எடுக்கும் காணொளிகளில் பொருள்களை அடையாளம் காணும் மென்பொருளை கூகுள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், சிலர் வேலையை விட்டார்கள். ஜூன் 7 அன்று மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை நிறுவனத்தின் கொள்கையை வெளியிட்டார். ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைச் செய்து தரமாட்டோம் என்பது அதில் ஒரு வாக்குறுதி.

அதே மாதம் 30-ஆம் தேதி டில்லியில், பாதுகாப்புத் துறையில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவது பற்றிய பணிக்குழு தன் அறிக்கையை ஒப்படைத்தது. குழுவின் தலைவர் டாடா சன்ஸின் என். சந்திரசேகரன், நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரர். அறிக்கையைப் பெற்ற அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனும் மதுரையில் பிறந்தவர். அந்தப் பாதையில் நடந்து, 2022 ஜூலையில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் 75 பாதுகாப்புக் கருவிகளை இந்தியா காட்சிக்கு வைத்தது.

ஒருவர் மாட்டேன் என்றார், ஒருவர் எப்படிச் செய்வது என்று எழுதினார், ஒருவர் வாங்கிக்கொண்டார். கலிபோர்னியாவில் கொடுத்த வாக்குறுதிக்கு ஆயுள் ஏழாண்டுகூட இல்லை. 2025 பிப்ரவரி 4 அன்று ஆயுதம் பற்றிய அந்த வரியை கூகுள் தன் கொள்கையிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனியின் மனச்சாட்சி பங்குதாரர்களின் பொறுமை அளவுதான் நீளும் என்பதைச் சந்தேகப்பட்டவர்கள் அன்று ஆச்சரியப்படவில்லை.

சட்டம் வந்து காப்பாற்றும் என்றால், சட்டமும் கதவை மூடி வைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த உலகில் இன்று இருப்பதிலேயே கண்டிப்பானது 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ராணுவப் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மலேசியாவின் அறிவியல், தொழில்நுட்ப அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டி விருப்பப்பட்டால் பின்பற்றும் வகை. கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கும் கணினி காரணம் சொல்ல வேண்டும் என்று பேசும் உலகம், உயிரை நிராகரிக்கும் கணினிக்கு வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றுகிறது.

மலேசியா எங்கே நிற்கிறது?

ஐ.நா. மட்டத்தில் 2014 முதல் ஜெனீவாவில் பேச்சு நடக்கிறது. 2017, 2018-இல் அந்தக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2019-இல் பதினோரு வழிகாட்டு நெறிகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது, அது மனிதனுடையதே என்பது அவற்றில் ஒன்று. கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு சொல் நகரும், ஆகவே எதுவும் நகரவில்லை. மனிதர்களைக் குறிவைக்கும் தன்னியக்க ஆயுதங்களையும், எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாதவற்றையும் அடியோடு தடை செய்யுங்கள் என்று செஞ்சிலுவைச் சங்கம் 2021-இல் கேட்டது. 2026-க்குள் சட்டம் வேண்டும் என்று ஐ.நா. தலைமைச் செயலர் குட்டெரெஸ் 2023-இல் கெடு வைத்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் இந்த விஷயத்தில் ஐ.நா. பொதுச் சபையின் முதல் தீர்மானம் நிறைவேறியது. 152 நாடுகள் ஆதரவு, அவற்றில் மலேசியாவும் இலங்கையும் உண்டு. எதிர்த்தது நான்கே நாடுகள். ரஷ்யா அதில் இருந்தது வியப்பில்லை, இந்தியாவும் இருந்தது. ஜெனீவாவில் பேச வேண்டியதை நியூயார்க்கில் பேசாதீர்கள் என்பது இந்தியா சொன்ன காரணம். மறு ஆண்டுத் தீர்மானத்தை எதிர்த்த நாடுகள் மூன்றாகக் குறைந்தன, அந்த மூன்றில் இந்தியா இல்லை.

மலேசியாவின் கை தூக்கல் நல்ல பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜெனீவாப் பேச்சு நடப்பது 1980-ஆம் ஆண்டின் மரபு ஆயுத உடன்படிக்கையின் கீழ், மலேசியா அந்த உடன்படிக்கையில் இன்னும் உறுப்பு நாடாகவில்லை. கண்ணிவெடி விஷயத்தில் வட்டாரத்துக்கு முன்னோடியாக இருந்த நாட்டுக்கு இது பொருந்தவில்லை. 2025 பிப்ரவரியில் ஆசியான் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது பினாங்கில் பாதுகாப்பு அமைச்சர்களைக் கூட்டி, ராணுவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கூட்டறிக்கை ஒன்றை மலேசியா வரவழைத்தது. ஒத்துழைப்பு, பொறுப்பான பயன்பாடு போன்ற சொற்கள் அதில் தாராளம். கட்டாயமோ தண்டனையோ அதில் இல்லை.

இன்னொரு பக்கம் வாங்கும் வேலை நடக்கிறது. 2023 மே மாதம் லங்காவி கண்காட்சியில் துருக்கியிடமிருந்து மூன்று அங்கா ட்ரோன்கள் வாங்க மலேசியா ஒப்பந்தம் போட்டது, தென்சீனக் கடல் பக்கம் கண்காணிக்க. அவை தொலைவிலிருந்து மனிதர் ஓட்டுபவை. கடல் எல்லையைக் காக்கும் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மென்பொருள் மாறும்போது கருவியின் குணம் மாறும் என்பதால், வாங்கும் நாளில் கேட்டது போதாது. எந்தப் புதுப்பிப்பு வந்தது, அது எந்த முடிவை மனிதன் கையிலிருந்து எடுத்தது, அதை அனுமதித்து ஒப்பமிட்ட அதிகாரி யார் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும். இலக்கு தேர்ந்த பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஐந்தாண்டு பத்தாண்டு அல்ல. பத்தாங் காலியில் உண்மை வாய் திறக்கவே இருபத்தோரு ஆண்டு ஆனது. இவற்றைச் சட்டமாக்க ஐ.நா. தேவையில்லை, ஜெனீவாவும் தேவையில்லை. நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சரிடம் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் தொடங்கிவிடலாம். மலேசியா இன்னும் சேராத அந்த மரபு ஆயுத உடன்படிக்கையின் மறுஆய்வு மாநாடு 2026 நவம்பரில்.